கேம்பிரிட்ஜில் யார் கதை விடுகிறார்கள்?

முதல் நாள்: கோபுரம், கடிகாரம், கூரை மேல் கார்

லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் வேக ரயில் பிடித்தால் கேம்பிரிட்ஜ் 50 நிமிடம். லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்தும் ரயில் உண்டு. நின்று நின்று ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். ஸ்டேஷனிலிருந்து ஊர் நடுவுக்கு 20, 25 நிமிட நடை. அங்கே போய் "யுனிவர்சிட்டி எங்கே?" என்று கேட்டால் யாராலும் கை காட்ட முடியாது. பாடத்திட்டம், விரிவுரை, தேர்வு, பட்டம் எல்லாம் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. மாணவரைச் சேர்ப்பது, தங்க இடம் தருவது, சோறு போடுவது, ஒருவர் இருவராக உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பது எல்லாம் கல்லூரி. அப்படி 31 கல்லூரிகள். ஒவ்வொன்றுக்கும் தனி வாசல், தனிச் சாப்பாட்டுக்கூடம், தனிச் சட்டம். ஆகவே ஒரே டிக்கெட்டில் எல்லாவற்றையும் பார்க்க முடியாது. ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடு வரை தேர்வுக் காலம் என்பதால் பல கல்லூரிகள் வெளியாரை உள்ளே விடுவதில்லை. தேர்வு முடிந்து கொண்டாட்டம் தொடங்கும் ஜூன் நடுப்பகுதிதான் தோதான காலம். இந்தக் கொண்டாட்டத்துக்கு இங்கே 'மே வாரம்' என்று பெயர். நடப்பது ஜூனில். அதையும் யாரும் திருத்துவதாக இல்லை. வாரமும் இங்கே வியாழக்கிழமைதான் பிறக்கும். ஒரு பருவத்தின் பாடக்காலம் எட்டே வாரம்.

இந்த ஊரில் கேட்கும் கதைகளில் பாதி கப்ஸா. மீதிப் பாதி உண்மை, ஆனால் அதுதான் நம்ப முடியாததாக இருக்கும். போகிற இடமெல்லாம் எது எது என்று பிரித்துச் சொல்லிக்கொண்டே போகிறோம்.

முதலில் கிரேட் செயின்ட் மேரிஸ் தேவாலயக் கோபுரம். 123 படி, வளைந்து வளைந்து ஏறும் குறுகலான கல் படி. முதுகில் பெரிய பை இருந்தால் எதிரே இறங்குகிறவரோடு உரசல்தான். மேலே போனால் ஊர் வரைபடமே கீழே விரிந்திருக்கும், ஆகவே முதல் நாளே ஏறிவிடுவது நல்லது. இளநிலை மாணவர் பட்டம் வாங்க வேண்டுமென்றால் பருவ நாட்களில் இந்தத் தேவாலயத்திலிருந்து 3 மைலுக்குள் குடியிருக்க வேண்டும். முதுநிலை மாணவருக்கு 10 மைல். இது கதையல்ல, இன்றும் நடப்பில் இருக்கும் விதி. கால் மணிக்கு ஒரு முறை கோபுரம் ஒலிப்பதைக் கேட்டதும் 'இது லண்டன் பிக் பென் மெட்டாயிற்றே' என்று தோன்றும். விஷயம் தலைகீழ். 1793இல் இந்தக் கோபுரத்துக்காக அமைத்த மெட்டைத்தான் பிற்பாடு லண்டன் எடுத்துக்கொண்டது. நம் வீடுகளில் தொங்கிய பெண்டுலக் கடிகாரங்களில் 'டிங் டாங் டிங் டாங்' என்று வருவதும் இதே மெட்டு.

கோபுரத்திலிருந்து இறங்கி கிங்ஸ் பரேடு தெருவில் சில நிமிடம் தெற்கே நடந்தால், கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரி நூலகச் சுவரில் தங்க முலாம் பூசிய ஒன்றரை மீட்டர் வட்டத் தட்டு. மேலே ஒரு கோரமான வெட்டுக்கிளி. முள் கிடையாது, எண் கிடையாது. மூன்று வளையங்களில் வெட்டிய கீறல்கள் வழியே நீல ஒளி தெரியும்: மணி, நிமிடம், விநாடி. 2008 செப்டம்பரில் ஸ்டீபன் ஹாக்கிங் திறந்துவைத்தார். உருவாக்கியவர் ஜான் டெய்லர், இதே கல்லூரியின் பழைய மாணவர். மின்சாரக் கெட்டில் கொதித்ததும் தானாக அணையவைக்கும் உலோகப் பட்டையில் பெயர் வாங்கியவர். கடிகாரங்களில் பல்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக நகரவிட்டு நிறுத்தும் கொக்கியில், 18ஆம் நூற்றாண்டில் ஜான் ஹாரிசன் கண்டுபிடித்த வகைக்கு வெட்டுக்கிளி என்று பெயர். டெய்லர் அந்தக் கொக்கியையே நிஜப் பூச்சியாக்கி, வெளியே தூக்கி வைத்துவிட்டார். அது வாய் திறந்து விநாடியை விழுங்கும், கண் சிமிட்டும், சில சமயம் தயங்கும். ஊசல் நின்றுவிட்டதோ என்று பயமாக இருக்கும். 'கடிகாரம் ரிப்பேர்' என்று சொல்லிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. ரிப்பேர் இல்லை, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மட்டுமே சரியான நேரம் காட்டும்படிதான் செய்யப்பட்டது. முழு மணி அடிக்கும்போது மணியோசை வராது. உள்ளே மறைவாக இருக்கும் மரச் சவப்பெட்டியில் சங்கிலி விழும் சத்தம்தான். மதியம் கூட்டம் அதிகம். இருட்டிய பிறகு வந்தால் ஒளி நன்றாகத் தெரியும்.

அடுத்தது பட்டம் கொடுக்கும் செனட் ஹவுஸ், ஜேம்ஸ் கிப்ஸ் வடிவமைத்து 1730இல் முடித்த வெள்ளைக் கட்டடம். உள்ளே விட மாட்டார்கள், ஆனால் பட்டமளிப்பு நாளில் வேலியோரம் நின்றாலே பாதி தெரியும். மாணவர்கள் நான்கு நான்கு பேராக வருவார்கள். கல்லூரி அதிகாரி வலது கையை நீட்ட, ஆளுக்கொரு விரலைப் பிடித்துக்கொள்வார்கள். அவர் லத்தீனில் அறிமுகம் சொல்வார். பிறகு ஒவ்வொருவராகத் துணைவேந்தர் முன் மண்டியிட்டு, கூப்பிய கையை அவர் கைகளுக்குள் வைத்தால் பட்டம். பழுப்பு நிற ஷூ, கலர் சாக்ஸ் போட்டு வந்தால் தொல்லை. இந்த பி.ஏ. பட்டம் வாங்கியவர், சேர்ந்த முதல் பருவம் முடிந்து ஆறு ஆண்டு கழித்து விண்ணப்பித்தால் எம்.ஏ. கொடுத்துவிடுவார்கள். தேர்வே கிடையாது. நம்மூரில் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

அந்தக் காலத்தில் இந்தக் கட்டடத்தில்தான் கணிதத் தேர்வு முடிவை மதிப்பெண் வரிசைப்படி வாசிப்பார்கள். முதலிடம் வந்தவர் 'சீனியர் ராங்ளர்'. 1899இல் அந்த இடத்தைப் பிடித்த முதல் இந்தியர் ஆர்.பி. பரஞ்ச்பே. கடைசியாகத் தேறியவருக்கும் ஒரு மரியாதை இருந்தது. பட்டம் வாங்கும் நேரத்தில் மேல்மாடத்திலிருந்து நண்பர்கள் கயிற்றில் ஒரு மரக்கரண்டியை இறக்குவார்கள். சமையல் கரண்டி அளவில் தொடங்கியது வர வர ஒரு மீட்டருக்கு மேல் நீண்டுவிட்டது. கடைசிக் கரண்டி 1909இல் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியின் கத்பர்ட் ஹோல்ட்ஹவுஸுக்கு. அவர் படகோட்டி, ஆகவே துடுப்பையே கரண்டியாக்கிவிட்டார்கள். அதன் பிறகு வகுப்புக்குள் அகரவரிசையில் வாசிக்கும் முறை வந்தது. கடைசி யார் என்பதே தெரியாமல் போனதால் கரண்டிக்கு வேலையில்லை. 1890இல் பிலிப்பா ஃபாசெட் 'சீனியர் ராங்ளருக்கு மேல்' என்று வாசிக்கப்பட்டார். பெண் என்பதால் பட்டம் கிடையாது. 1897இல் பெண்களுக்குப் பட்டம் தரலாமா என்று வாக்கெடுப்பு நடந்தபோது, எதிர்ப்புக் காட்டச் சைக்கிள் ஓட்டும் பெண் பொம்மையை இதன் எதிரே கட்டித் தொங்கவிட்டார்கள். பட்டம் கிடைத்தது 1948இல்.

கூரை மேல் கார் நின்ற கதை நூறு சதவீதம் உண்மை. 1958 ஜூனில் ஒரு காலை ஊர் விழித்துப் பார்த்தால் செனட் ஹவுஸ் உச்சியில் ஓர் ஆஸ்டின் செவன். பக்கத்துக் கான்வில் அண்ட் கீஸ் கல்லூரி மாணவர்கள் மூன்று அணியாகப் பிரிந்தார்கள். தரையில் காரைத் தள்ளி வருவது ஓர் அணி. கூரையில் சாரக்கம்பால் பாரந்தூக்கி கட்டி இழுப்பது ஓர் அணி. கல்லூரி ஜன்னலுக்கும் செனட் ஹவுஸ் கூரைக்கும் நடுவே உள்ள எட்டடி இடைவெளியில் பலகை போட்டு ஆளைக் கடத்துவது மூன்றாவது. அந்த இடைவெளியைத் தாண்டிக் குதிப்பது கூரையேறும் மாணவர்களின் பழைய வீரவிளையாட்டு. மேலே ஏற்ற ஓர் இரவு. இறக்குவதற்குப் போலீஸும் தீயணைப்புப் படையும் ஏறக்குறைய ஒரு வாரம் போராடி, முடியாமல், துண்டு துண்டாக வெட்டித்தான் இறக்கின. செய்தவர்கள் யார் என்பது 50 ஆண்டு கழித்து 2008இல்தான் முழுசாக வெளியே வந்தது.

இரண்டாம் நாள்: ட்ரினிட்டி

ட்ரினிட்டி கல்லூரி வாசலில் ஏறிட்டுப் பாருங்கள். 1546இல் கல்லூரியை நிறுவிய எட்டாம் ஹென்றியின் சிலை. இடது கையில் உருண்டை. வலது கையில் செங்கோல் இருக்க வேண்டிய இடத்தில் மர நாற்காலியின் கால். எப்போதோ ஒரு மாணவக் குறும்பு, கல்லூரி அப்படியே விட்டுவிட்டது. உண்மைக் கதை.

வாசலுக்கு வலப்பக்கம் சின்னப் புல்வெளியில் ஒரு ஆப்பிள் மரம். 'இதன் கீழ்தான் நியூட்டன் உட்கார்ந்தார்' என்பது கப்ஸா. நியூட்டனின் சொந்த ஊர் வூல்ஸ்தோர்ப்பில் நிற்கும் மரத்தின் ஒட்டு இது. அவர் தங்கிய அறை பக்கத்தில் இருந்ததால் இங்கே நட்டார்கள். ஊரின் தாவரவியல் பூங்காவிலும் இப்படி ஓர் ஒட்டு மரம் 1954இல் நட்டது இருந்தது. வேரில் பூஞ்சை தாக்கி, 2022 பிப்ரவரிப் புயலில் சாய்ந்தது.

உள்ளே கிரேட் கோர்ட் முற்றம். புல்லில் கால் வைக்காதீர்கள். அது கல்லூரியின் ஃபெல்லோக்களுக்கு, அதாவது உறுப்பினரான ஆசிரியர், ஆய்வாளர்களுக்கு மட்டும் உள்ள உரிமை. தெரியாமல் மிதித்தால் தொப்பி போட்ட போர்ட்டர் (வாசல் காவலர்) குரல் கொடுப்பார். கடிகாரம் ஒவ்வொரு மணியையும் இரண்டு தடவை அடிக்கும், முதலில் கனத்த குரலில், பிறகு மெல்லிய குரலில். அப்படியானால் நண்பகலுக்கு 24 அடி. அந்த அடிகள் முடிவதற்குள் முற்றத்தைச் சுற்றி ஓடி முடிப்பதுதான் புகழ்பெற்ற பந்தயம். சுற்று ஏறக்குறைய 367 மீட்டர். அடிக்க ஆகும் நேரம் 43 முதல் 44.5 விநாடி, காற்றின் ஈரமும், கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து எத்தனை நாளாயிற்று என்பதும் அதை மாற்றும். கால்பந்து மைதானத்தில் இதே தூரம் எளிதாகத் தெரியலாம். இங்கே நான்கு செங்கோண மூலைகள். வேகத்தைக் குறைக்காமல் திரும்பினால் கல் தரையில் வழுக்கும், குறைத்தால் மூலைக்கு ஒரு விநாடி போச்சு. 1927இல் ஓட்ட வீரர் லார்டு பர்லி ஜெயித்தார். 1988 அக்டோபரில் ஓட்ட வீரர்கள் செபாஸ்டியன் கோவும் ஸ்டீவ் க்ராமும் நிதி திரட்ட ஓடினார்கள். உலகச் சாதனையாளர் கோவுக்கே 45.52 விநாடி ஆயிற்று, மணி முந்திக்கொண்டது. 2007இல் சாம் டோபின் என்ற மாணவர் 42.77 விநாடியில் முடித்தார். புதிய மாணவர்கள் சேர்ந்ததைக் கொண்டாடும் விருந்து நாளன்று நண்பகலில் வந்தால் பார்க்கலாம்.

கவிஞர் பைரன் இங்கே படிக்கும்போது கரடி வளர்த்தார். நாய்க்குத் தடை இருந்தது, கரடியைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. கரடியை என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டவர்களிடம், ஃபெல்லோஷிப்புக்குப் போட்டியிடட்டும் என்றாராம். 1807இல் எழுதிய கடிதத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

நம்மவர்கள் ட்ரினிட்டிக்கு வருவது பெரும்பாலும் கணித மேதை ராமானுஜனுக்காக. அவர் 1914 மார்ச் 17 அன்று சென்னையில் எஸ்.எஸ். நெவாசா கப்பலேறி ஏப்ரலில் வந்து சேர்ந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு, ட்ரினிட்டி 60 பவுண்டு. கொஞ்ச காலத்தில் தெருவுக்கு எதிர்ப்புறம் உள்ள ஹியூவல்ஸ் கோர்ட்டில் அறை கிடைத்தது. மாணவர் குடியிருப்பு என்பதால் வாசலோடு நின்றுகொள்ள வேண்டியதுதான். குளிர்காலத்தில் அறைக்கு வந்த நண்பர் மகலனோபிஸிடம் (பின்னாளில் புள்ளியியலில் பெயர் பெற்றவர்), இரவில் குளிர் தாங்கவில்லை, ஓவர்கோட் போட்டுச் சால்வை போர்த்தித் தூங்குகிறேன் என்றிருக்கிறார். மகலனோபிஸ் படுக்கையைப் பார்த்தால் கம்பளிகள் அப்படியே இருக்கின்றன. இங்கே கம்பளியின் ஓரங்களை மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகி, மேலே விரிப்புப் போட்டு மூடுவது வழக்கம். அதை உருவித் திறந்து உள்ளே நுழைய வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

கும்பகோணத்திலும் பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. (பி.ஏ.வுக்கு முந்தைய தேர்வு) தேறாதவருக்கு 1916 மார்ச்சில் ஆய்வுக்கான பி.ஏ. கொடுத்தார்கள். 'ஏன் பிஎச்.டி. தரவில்லை?' என்று கோபப்பட வேண்டாம், கேம்பிரிட்ஜில் அப்போது பிஎச்.டி.யே கிடையாது. 1918இல் லண்டன் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் உறுப்பினர், அதே ஆண்டு அக்டோபரில் ட்ரினிட்டி ஃபெல்லோ. இந்தக் கல்லூரியில் அப்படி ஆன முதல் இந்தியர். புல்லில் நடக்கும் உரிமையும் கூடவே வந்தது. அடுத்து 1933இல் மாநிலக் கல்லூரி மாணவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். தன்னைப் பார்க்க ஹார்டி வந்த டாக்சியின் எண் 1729ஐ இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதலாம் என்று ராமானுஜன் சொன்ன கதையையும் இங்கே வைத்துச் சொல்வார்கள். ஹார்டி, அவரோடு சேர்ந்து ஆய்வு செய்த ட்ரினிட்டிக் கணித அறிஞர். அது நடந்தது லண்டன் பட்னியில், ராமானுஜன் உடம்பு முடியாமல் படுத்திருந்தபோது.

ராமானுஜனின் 'தொலைந்த நோட்டுப்புத்தகம்' ட்ரினிட்டியின் ரென் நூலகத்தின் சொத்து. உண்மையில் அது நோட்டும் அல்ல, தொலையவும் இல்லை. கடைசி ஆண்டில் அவர் எழுதிய தாள்களை மனைவி ஜானகி அம்மாள் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார். 1923இல் அங்கிருந்து ஹார்டிக்குப் போயிற்று. பிறகு கணிதப் பேராசிரியர் வாட்சனின் கைக்கு. அவர் 1965இல் இறந்ததும், அவர் வீட்டுக் காகிதக் குவியலிலிருந்து மீட்டு 1968இல் ட்ரினிட்டிக்கு அனுப்பினார்கள். பெட்டிக்குள் இருந்ததை 1976இல் அமெரிக்கக் கணித அறிஞர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் பிரித்துப் பார்த்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது: 138 பக்கம், 600க்கு மேல் சூத்திரங்கள், நிரூபணம் அநேகமாக இல்லை. ஆண்ட்ரூஸும் இன்னொரு அமெரிக்கக் கணித அறிஞர் பெர்ண்ட்டும் அவற்றை நிரூபித்து ஐந்து தொகுதிகளாக வெளியிட்டு முடிக்க 2018 ஆயிற்று.

நூலகத்தைப் பொதுமக்களுக்கு வார நாட்களில் நண்பகலை ஒட்டிக் கொஞ்ச நேரம் மட்டும் திறப்பது வழக்கம், அதுவும் சிறு குழுவாக. நேரம் மாறும்; போகுமுன் கல்லூரியின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். கண்ணாடிப் பேழைகளில் எதை வைப்பார்கள் என்பதும் மாறும், ஆகவே ராமானுஜன் தாள் கட்டாயம் கண்ணில் படும் என்று எண்ணிப் போக வேண்டாம். நியூட்டன் தன் இயக்க விதிகளைச் சொன்ன 'பிரின்சிபியா' நூலின், அவரே கைப்படத் திருத்தம் எழுதிய முதற்பதிப்புப் பிரதி இந்த நூலகத்துடையது.

மூன்றாம் நாள்: ஆறு

கப்ஸா அதிகம் விளைவது கேம் ஆற்றில்தான். தட்டைப் படகில் உட்கார வைத்து, பின்னால் நின்று கோல் ஊன்றுகிறவர் முக்கால் மணி நேரம் பேசுவார்.

குவீன்ஸ் கல்லூரியின் மரப்பாலம்: 'நியூட்டன் ஒரு ஆணிகூட இல்லாமல் கட்டினார், மாணவர்கள் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி பூட்டத் தெரியாமல் போல்ட் போட்டார்கள்.' முழுப் பொய். நியூட்டன் இறந்தது 1727. வில்லியம் எத்ரிட்ஜ் வரைந்து, ஜேம்ஸ் எசெக்ஸ் கட்டியது 1749. இரும்பு இணைப்பு முதல் நாளிலிருந்தே உண்டு. வெளியே தெரியாமல் இருந்தது. 1905இல் தேக்கில் திருப்பிக் கட்டியபோது வைத்த போல்ட்டுகள் கண்ணுக்குத் தெரிகின்றன, அவ்வளவுதான். வளைவாகத் தெரிந்தாலும் அதில் வளைந்த மரமே இல்லை. எல்லாம் நேர்ச்சட்டம், வட்டத்தைத் தொட்டுச் செல்லும் கோடுகளாக அடுக்கியது.

கிளேர் பாலத்தில் 14 கல் உருண்டைகள். ஒன்றில் தர்பூசணிக் கீற்று எடுத்ததுபோல ஒரு துண்டு இல்லை. 'கூலி சரியாகத் தராததால் கொத்தனார் வெட்டிக்கொண்டு போனார்' என்பார் படகுக்காரர். பழுது பார்த்தபோது ஒட்டவைத்த துண்டு பின்னாளில் விழுந்துவிட்டது, அதுதான் விஷயம். வெட்டு ஆற்றைப் பார்த்து இருக்கிறது. பாலத்தில் நடப்பவர் கையை வெளியே விட்டுத் தடவினால்தான் தெரியும். செயின்ட் ஜான்ஸ் கல்லூரியின் மூடிய பாலத்தின் அடியில் 1963இலும் 1968இலும் மாணவர்கள் காரைக் கட்டித் தொங்கவிட்டது மட்டும் நிஜம்.

நீங்களே ஓட்டுவதானால் வார நாள் காலையில் எடுங்கள். கூட்டமும் வாடகையும் குறைவு. படகு சுமார் 24 அடி நீளம், 3 அடி அகலம், அடியில் தட்டை. கோல் 16 அடி, நுனியில் உலோகக் கொண்டி. கேம்பிரிட்ஜில் பின்பக்கத்து மேடையில் நின்று ஓட்டுவார்கள். ஆக்ஸ்போர்டில் படகை முன்பின்னாகத் திருப்பிக்கொண்டு உள்ளே நின்று ஓட்டுவார்கள், அதைப் பற்றி இங்கே பேசாமல் இருப்பது நல்லது.

பக்கவாட்டில் திரும்பி, கால்களைச் சற்று அகட்டி நில்லுங்கள். கோலைச் செங்குத்தாக, படகின் ஓரத்தை ஒட்டி, கை தளர்த்தி விழவிடுங்கள். தரை தட்டியதும் கை மாற்றி மாற்றி மேலே ஏறிப் பின்னோக்கித் தள்ள வேண்டும். தள்ளி முடிந்ததும் உடனே இழுக்காதீர்கள். முதலில் கோலை ஒரு திருகு. சேற்றின் பிடி விடும். பிறகு உருவி, நுனி தண்ணீரில் மிதக்கப் பின்னால் இழுபட விடுங்கள். அதுதான் சுக்கான்: இடப்பக்கம் வீசினால் படகு இடப்பக்கம் போகும், வலம் வீசினால் வலம்.

விழுவது எப்போதும் ஒரே மாதிரிதான். கோலைத் தள்ளிப் படகுக்கு வெகு பின்னால் சாயவிட்டு, திருகாமல் இழுப்பார்கள். சேறு விடாது, படகு நிற்காது. கோலைப் பிடித்தவர் இரண்டுக்கும் நடுவில். கோலை விட்டுவிடுங்கள், படகில் ஒரு கைத்துடுப்பு இருக்கும், திரும்பிப் போய் எடுத்துக்கொள்ளலாம். கல்லூரிகளின் பின்புறப் பகுதியில் ஆற்றின் நடுவே மட்டும் கோல் 'டக்' என்று கெட்டியாக ஊன்றும். முற்காலத்தில் கரையில் குதிரை நடக்கக் கல்லூரிகள் இடம் தரவில்லை. தோணி இழுத்த குதிரைகள் ஆற்றுக்குள் போட்ட சரளைத் திட்டில் நடந்தன. அது இன்னும் அடியில் கிடக்கிறது. பாலம் வந்தால் கோலைப் படுக்கப் போடுங்கள். மேலே நிற்கும் குறும்பர்கள் கோலைப் பிடுங்குவதும் உண்டு.

கரையேறி மேற்கே நடந்தால் பல்கலைக்கழக நூலகம், 1934. 48 மீட்டர் செங்கல் கோபுரம். வரைந்தவர் ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட். லண்டனின் சிவப்புத் தொலைபேசிக் கூண்டும் அவர் கைவண்ணம். 'கோபுரம் முழுக்க ஆபாசப் புத்தகம்' என்று தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் நம்பி வந்தார்கள். நாட்டில் அச்சாகும் நூல்களைக் கேட்டுப் பெறும் சட்ட உரிமை இந்த நூலகத்துக்கு உண்டு. அப்படி வந்து குவிந்தவற்றில் ஆய்வுக்கு ஆகாது என்று அக்காலத்தில் ஒதுக்கிய ஜனரஞ்சக நாவல், சிறுவர் புத்தகம், வழிகாட்டி நூல்கள்தான் கோபுரத்தில்.

நான்காம் நாள்: கிங்ஸ், பிறகு படகு மோதல்

கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்துக்கு ஆறாம் ஹென்றி அடிக்கல் நாட்டியது 1446. கல் விதானம் முடிந்தது 1515. நடுவே உள்நாட்டுப் போர், பணமுடை. 88 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 24 மீட்டர் உயரம். விசிறி விரித்த வடிவ விதானங்களில் உலகிலேயே பெரியது. ஜான் வாஸ்டெல் மூன்றே ஆண்டில் முடித்தார். நடுவிலுள்ள மரத் தடுப்பில் 'எச்', 'ஏ' எழுத்துகளைத் தேடுங்கள்: எட்டாம் ஹென்றியும் அவர் ராணி ஆன் போலினும். 1536இல் ஆனின் தலை போயிற்று, எழுத்து நின்றுவிட்டது. உள்ளே போக டிக்கெட் உண்டு. பருவ நாட்களில் மாலை வழிபாட்டுக்கு இலவசம், முன்கூட்டியே வரிசையில் நிற்க வேண்டும். 1918இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் முந்தைய நாள் வழிபாட்டில் முதல் பாட்டைத் தனிக்குரலாகப் பாடும் சிறுவன் யார் என்பது அந்தக் கணம் வரை சிறுவர்களுக்கே தெரியாது. இசை இயக்குநர் அப்போதுதான் ஒருவனைச் சைகையால் அழைப்பார்.

மதியத்துக்கு மேல் ஃபென் டிட்டன் கிராமம். மாட்லின் பாலத்திலிருந்து ஆற்றோரமாக ஒரு மணி நேரத்துக்குக் குறையாத நடை, சைக்கிள் எடுத்தால் சுகம். ஆறு குறுகல், இரண்டு படகு பக்கத்தில் பக்கத்தில் போட்டியிட முடியாது. அதற்காக 1820களில் பிறந்ததுதான் 'பம்ப்ஸ்'. எட்டுத் துடுப்புப் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றரைப் படகு நீள இடைவெளியில். கரையில் கட்டிய சங்கிலியின் மறுமுனை ஒவ்வொரு படகிலும் சுக்கான் பிடிப்பவர் கையில். நான்கு நிமிடம் இருக்கும்போது ஒரு வேட்டு, ஒரு நிமிடத்தில் இன்னொன்று, மூன்றாவது வேட்டுக்குச் சங்கிலியை விட வேண்டும். பின்னால் வருபவர் இடிப்பதற்கு முன் நீங்கள் முன்னால் போகிறவரை இடிக்க வேண்டும். இடித்தால் மறுநாள் இடம் மாற்றம்: இடித்தவர் ஒரு படி மேலே, இடிபட்டவர் ஒரு படி கீழே. இப்படி நான்கு நாள். கடைசி நாள் நின்ற வரிசையே அடுத்த ஆண்டின் தொடக்க வரிசை. ஒரு மோசமான ஆண்டைச் சரிக்கட்ட நான்கைந்து ஆண்டு பிடிக்கும். நான்கு நாளும் இடித்தவர்களுக்குப் பெயர் பொறித்த துடுப்பு. நான்கு நாளும் இடிபட்டவர்களுக்குக் 'கரண்டி', பழைய மரக்கரண்டியின் வாரிசு.

இடித்த இரண்டு படகும் உடனே கரையோரம் ஒதுங்க வேண்டும். ஒதுங்கத் தாமதித்தால் பின்னால் வருவது மேலே ஏறும். வளைவான கிராஸி கார்னர், டிட்டன் கார்னர் இரண்டிலும் இந்தக் குவியல் சகஜம். ஆகவே பார்க்க நல்ல இடமும் அந்த வளைவுகள்தான். எதிர்க்கரைப் பாதையில் பயிற்சியாளர்கள் சைக்கிளில் கூடவே பறப்பார்கள், கண் ஆற்றின் மேல், கை விசிலில். ஒரு விசில் என்றால் ஒரு படகு தூரம், இரண்டு என்றால் பாதி, மூன்று என்றால் கால் பங்கு, விடாமல் ஊதினால் இதோ இடிக்கப் போகிறது. அவர்கள் முன்னால் பார்ப்பதில்லை. அந்தக் கரையில் நிற்பதானால் பாதையை விட்டுப் புல்லில் ஏறி நில்லுங்கள், குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். இந்தப் புல்லுக்கு எந்தத் தடையும் இல்லை.